சாவு இல்லீங்க, செவுரு

அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார். வீட்டுக்காரர் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சுவரண்டை போய், வலது புறங்கையை அதில் வைத்துக்கொண்டு நிற்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்பார். குட்டையான "ம்" என்றால் சுவர் சுகமாக இருக்கிறது. நீட்டினால் ஈரம். ஒன்றும் சொல்லாமல் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தால் வீட்டுக்காரர் வேறு வீடு பார்ப்பது நல்லது.

என் வீட்டுச் சுவரை அவர் நக்கிப் பார்த்தார்.

இலங்கையில் எங்கள் பதுளைப் பக்கத்தில் கொத்து வேலை, தச்சு வேலை செய்கிறவர்களை பாஸ் என்றுதான் கூப்பிடுவது. அவரும் பாஸ்தான். பெயர் தெரியும். எழுதப் போவதில்லை. நாலு பேர் முன்னால் யாராவது தன்னைப் புகழ ஆரம்பித்தால் "சாந்து காஞ்சிரும்" என்று எழுந்து போய்விடுகிற மனிதர். என்னைவிட மூன்று வயது இளையவர், என்னை "அண்ணே" என்பார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பையனாக இருக்கும்போதே மலையில் கான் வெட்டி, பிறகு தேயிலை ஸ்டோரில் பெட்டி அடிக்கிற வேலைக்குப் போய், கடைசியில் டவுனுக்கு வந்து சுவர் வைத்தியரானவர். கான் என்றால் வேறொன்றுமில்லை, மழைத் தண்ணீரை ஓட்டுவதற்கு மலைச் சரிவில் வெட்டுகிற வாய்க்கால்.

ஒருமுறை பசறை ரோட்டில் ஒரு சாவு வீட்டுக்கு நானும் அவரும் போயிருந்தோம். பெரியவருக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, அவர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். துக்கத்தில் சாய்கிற மாதிரி சுவரில் சாய்ந்தார். புறங்கை சுவரில் இருந்தது. பெரியவரின் மகன் அழுதுகொண்டே வந்து அவர் கையைப் பிடித்தார்.

"அப்பா போயிட்டாரு பாஸ்."

"மனச தேத்திக்கங்க தம்பி. வயசான உசுரு. நிம்மதியா போயிருக்கு." ஒரு நிமிடம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "இது கூரைத் தண்ணி இல்ல தம்பி. அடியில இருந்து ஏறுது."

நான் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் காரியம் எல்லாம் முடிந்த மறுநாளே அந்த மகன் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். அடியில் இருந்துதான் ஏறியிருக்கிறது.

மழை பெய்தால் ஊரில் எல்லாரும் வீட்டுக்குள் போவார்கள். அவர் வெளியே வருவார். ஒரு சாக்கின் மூலையை உள்ளே மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தான் வேலை செய்து கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டுவார். இதில் ஒரு சங்கடம் உண்டு. எங்கள் பக்கம் கொட்டுகிற மழையில் ஒருவன் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ யாரோ போய்விட்டார்கள். பண்டாரவளையில் உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர், ரோட்டுக்குக் கீழே இருந்த கிழங்கு அறைக்கு இவரிடம் வேலை வாங்கியிருந்தார். முதல் பெருமழைக்கு இவர் இங்கிருந்து பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்ட, கதவைத் திறந்த வியாபாரியின் மனைவி ஆளைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டு, வெலிமடையில் நோயாகக் கிடந்த மூன்று சொந்தக்காரர்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லி ஒப்பாரி வைத்துவிட்டாளாம். மூன்று பேரும் நன்றாக இருந்தார்கள்.

அன்றிலிருந்து கதவு திறந்ததும் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை, "சாவு இல்லீங்க, செவுரு."

வேலை முடிந்துவிட்டது என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. "பூசியாச்சி. இனி மழ சொல்லணும்," என்பார். மழை சொல்லாமல் எந்த வேலையையும் அவர் விட்டுப் போனதில்லை. ஒன்றைத் தவிர. அந்த ஒன்று என்னுடையது.

அப்போது நான் ஒரு வழக்கறிஞர் ஐயாவின் கந்தோரில் டைப்பிஸ்ட். இரண்டு விரல் டைப்பிஸ்ட். மற்ற எட்டு விரல்களும் சம்பளம் வாங்க மட்டும் வரும். அந்தச் சம்பளத்துக்குக் கிடைத்தது ஒரு ஹாஜியாரின் கீழறை. பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவர். வீடு சரிவில் இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்திலிருந்து பார்த்தால் இரண்டு. மேலே ரோட்டு மட்டத்தில் ஹாஜியார் குடும்பம். கீழே நாங்கள். முன்பக்கம் கதவு, ஜன்னல், வெளிச்சம், பள்ளத்தாக்கு. பின்பக்கச் சுவர் முழுக்க மண்ணுக்குள். "ஒரு பக்கம் மலையே தாங்குது, இடியவே இடியாது," என்று சொல்லித்தான் ஹாஜியார் வாடகைக்குக் கொடுத்தார். உண்மைதான், இடியவில்லை. வேர்த்தது.

முதல் மழைக்காலத்தில் கறை தெரிந்தது. நான் அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினேன். காலண்டரில் இருந்த மகாலட்சுமிக்கு இடுப்புவரை பூஞ்சணம் பிடித்தது. வெள்ளை அடித்தேன். வெள்ளை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து சோற்றில் விழுந்தது. மூன்றாவது யோசனை முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. ரோட்டு வேலையில் மிஞ்சிய தார் ஒரு டின் கிடைத்தது. அதைக் காய்ச்சி, சுவரின் உட்பக்கம் முழுவதும் நானே பூசினேன். பூசி முடித்தபோது அறையும் நானும் ஒரே நிறம். ஒரு மாதத்தில் தாருக்குள் கொப்புளம் கொப்புளமாகத் தண்ணீர் கட்டியது. குத்தினால் பீச்சி அடிக்கும்.

இதெல்லாம் சிரிக்கிற கதையாக இருந்திருக்கும், எங்கள் மகள் பிறக்காமல் இருந்திருந்தால். ஆறாம் மாதத்தில் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. நெஞ்சு உள்ளே போய் விலா எலும்பு தெரியும். டிஸ்பென்சரி ஐயா மருந்து கொடுத்துவிட்டு, "மருந்து பாதிதான். அந்த ரூம்ல பிள்ளைய வச்சிருந்தா நான் என்ன குடுத்தும் சரிவராது," என்றார்.

தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து எடுக்கிற என் மாமியார் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கொப்புளத்தை விரலால் குத்தினார். முகத்தில் பீச்சியதைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"மாப்பிள, நாங்க இருக்கிறது லயக் காம்பராதான். நூறு வருசத்து லயம். ஆனா எங்க செவுரு எங்க மேல துப்புறது இல்ல."

மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகத் தீர்ப்பு வந்தது. "ஐப்பசி மழைக்குள்ள செவுரு காஞ்சா சொல்லி அனுப்புங்க. காயலன்னா பிள்ள எங்ககிட்டதான் வளரும். நீங்க ஞாயித்துக்கெழமைக்கு வந்து பாத்துட்டுப் போங்க."

என் மனைவி பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்பக்கம் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளே பாஸைக் கூட்டி வந்தேன். அவர் புறங்கையை வைத்தார், முகர்ந்தார், பிறகு நாக்கு நுனியால் தொட்டார்.

"யாருண்ணே இந்தத் தார அடிச்சது?"

"நான்தான்."

"உள்ளுக்குள்ளயா?"

"வெளியில மண்ணு இருக்கே பாஸ்."

"அதுக்காக? தண்ணி வெளியில வந்து நிக்குது. நீங்க உள்ள இருந்துகிட்டு கதவ முதுகால தள்ளிக்கிட்டு நிக்கிறீங்க. எத்தன நாளைக்கி நிப்பீங்க? ஒரு நாளைக்கி தூங்க மாட்டீங்க?"

"மண்ணத் தோண்டி, வெளிப்பக்கம் பூச எவ்வளவு ஆகும்?"

"அது தொரைமாருக்கு. நமக்கு வேற."

அவருடைய "வேற" என்பது இதுதான். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த துண்டு நிலத்தில், சுவருக்கு மேலே, மலையில் வெட்டுவது போல ஒரு கான். ரோட்டுத் தண்ணீர் சுவருக்கு வந்து சேர்வதற்குள் அதை மடக்கி வீட்டைச் சுற்றிப் பள்ளத்தில் விடுவது. ஹாஜியார் வீட்டுக் கூரைத் தண்ணீர் சரியாக என் சுவரின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் தகரப் பீலி போட்டுத் தள்ளிவிடுவது. உள்ளே என் தாரைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பு அடித்து, சுவரை மூச்சு விட வைப்பது. பிறகு சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிச் சட்டம் அடித்து, பஜாரில் கிடைக்கிற உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகையால் இரண்டாவது சுவர். அந்தப் பலகைகளில் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். ஈயத்தாள் பக்கம், மண்ணை ஒட்டிய அந்தப் பழைய மண்சுவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

"கப்பல்ல மூணு மாசம் கெடந்தாலும் தேயிலைக்கி ஈரம் ஏறாம வச்சிருக்கிற பெட்டிண்ணே. புள்ளைக்கி ஏற விட்டுருமா?"

நான் என் புத்தியைக் காட்டினேன். "நடுவுல நாலு விரல் சும்மா கெடக்குதே பாஸ். தும்பு, மரத்தூளு ஏதாவது அடைச்சா குளிரும் வராதே?"

"தூளு தண்ணி குடிக்கும். காத்து இருக்கட்டும். மேலயும் கீழயும் ஓட்ட விட்டுருவோம். காத்து சும்மா கெடைக்கிது, அத விட மலிவா ஒரு சாமான் சொல்லுங்க."



ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குக் கையாள். தார் சுரண்டினேன். பூசும்போது ஒரு நாள் எடுத்தது, சுரண்ட ஆறு ஞாயிறு எடுத்தது. ஹாஜியார் மேலே நின்று எட்டிப் பார்த்து, "பாஸ், நம்ம தம்பிய பாத்து வேல வாங்குங்க. அவருக்கு ரெண்டு வெரல்தான் வேல செய்யும்," என்பார். மழை இல்லாத மாதங்கள். காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. கான் வெட்டினார், பீலி போட்டார், சட்டம் அடித்தார். பெட்டிப் பலகைகளில் தோட்டத்துப் பெயர்களும் தேயிலை ரக எழுத்துகளும் அச்சடித்திருக்கும். ஒரு எழுத்துகூடத் தலைகீழாக வராமல் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார். "புள்ள படுத்துக்கிட்டு பாக்கும்ல?"

மூலைப் பக்கம் ஒரு பலகை மட்டும் பாக்கி. அந்த வழியாக அவர் மண்சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, வர்ற வெள்ளிக்கெழமக்குள்ள மழ வருமா?"

"இந்தக் காத்துலயா? இன்னும் ரெண்டு மாசம் ஆகும். என்ன அவசரம்?"

"வெள்ளிக்கெழம எங்களுக்குக் கோச்சி."

கோச்சி என்றால் ரயில். அந்த வருடங்களில் அந்தச் சொல்லுக்கு எங்களுக்கு வேறு அர்த்தம் விளங்காது. தலைமன்னாருக்குப் போகிற ரயில், அங்கிருந்து கப்பல், அந்தப் பக்கம் இந்தியா. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பத் தோட்டம் தோட்டமாகப் பெயர் வந்துகொண்டிருந்தது. அந்தப் படிவங்களை எங்கள் கந்தோரில் தினமும் நான்தான் டைப் அடித்தேன். அவருடைய படிவமும் என் மெஷினில்தான் போனதா என்று எனக்கு நினைவில்லை. நினைவுபடுத்திக்கொள்ள நான் முயற்சியும் செய்யவில்லை.

"எங்க போறீங்க பாஸ்?"

"திருச்சி பக்கம்னு கடுதாசில போட்டுருக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"தெரியலண்ணே. எங்கப்பாவே இங்க பொறந்தவருதான்." சுத்தியலைக் கீழே வைத்தார். "அது கெடக்கட்டும். இந்தச் செவுருக்கு யாரு மழ பாக்கிறது?"

அவருக்கு இந்தியா ஒரு கவலை. என் சுவர் இன்னொரு கவலை. அன்று இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. முதலாவதைப் பற்றி அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மழை வராவிட்டால் என்ன, மழையைச் செய்வோம் என்று முடிவு செய்தார். தெருப் பைப்பில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை மண்ணில் கொட்ட யார் கொடுப்பார்கள்? அவர் நல்ல தண்ணீர் கேட்கவில்லை. இரண்டு நாள் வீடு வீடாகப் போய், "அழுக்குத் தண்ணி இருந்தா கொட்டாம வைங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்," என்று கேட்டார். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர். எதிர்வீட்டுச் சிங்கள அக்கா என்னைக் கூப்பிட்டு, தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டி, "பிஸ்ஸுத?" என்று கேட்டாள். பைத்தியமா என்று அர்த்தம். கேட்டாளே தவிர, இரண்டு வாளி அவளும் வைத்திருந்தாள். ஹாஜியார் வீட்டில் அன்று வெள்ளைத் துணி துவைத்திருந்தார்கள். நீலம் போட்ட தண்ணீர் ஒரு பெரிய அண்டா நிறைய வந்தது.

புதன்கிழமை காலை. வியாழன் நடுவில், வெள்ளி கோச்சி. ரோட்டோரத்தில் இருபது முப்பது வாளி, குடம், டின். அந்த நாற்றத்தில் எந்த வருண பகவானும் வந்திருக்க மாட்டார். அவர் கீழே மூலையில் மண்சுவருக்குப் பக்கத்தில் குந்தினார். மேலே நின்று ஹாஜியாரும் நானும் ஊற்றினோம்.

"ஊத்தவா பாஸ்?"

"மெல்ல ஊத்துங்க ஹாஜியார். மழ ஒரே வாளியா வர்றதில்ல."

ஒரு மணி நேரம் ஊற்றினோம். கானில் தண்ணீர் ஓடியது. கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். "காஞ்சிதான் இருக்கு," என்றார். இன்னும் ஊற்றினோம். நான் மனதுக்குள் தெமோதரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தும் விட்டேன்.

அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது. "நிறுத்துங்க."

ஓடினேன். மண்சுவரில், தரையிலிருந்து இரண்டு முழம் உயரத்தில், ஒரு கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்தான். இலேசான நீல நிறம்.

"ஹாஜியார் வீட்டு நீலம்," என்றார்.

"வேற எங்கயாவது இருந்து..."

"இல்லண்ணே. மண்ணுக்குள்ள ஏது நீலம்? நம்ம கான்ல இருந்துதான் வருது."

அவர் மேலே ஏறிப் போய்க் கானுக்குள் இறங்கி நின்றார். குனிந்து அடியைத் தடவிப் பார்த்தார். நான் நினைத்தேன், அழப் போகிறார் என்று. அவர் நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டு சிரித்தார்.

"இங்க வாங்கண்ணே. இத வெட்டுன மடையன பாக்கணுமா? வாங்க."

கானின் அடியில் நாலு அடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் குழிகள். குழிக்கு நடுவில் மேடு. குழியெல்லாம் நீலத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. நான் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை. கவனித்திருந்தாலும் ஏதோ வேலைப்பாடு என்று பாராட்டியிருப்பேன்.

"தோட்டத்துல கான் வெட்டுனா இப்பிடிதான் வெட்டணும். கான் முழுக்க குழி போடணும். மண்ணு ஓடிறாம குழியில நிக்கும், தண்ணி ஊறி தேயில வேருக்குப் போகும். குழி இல்லன்னா கங்காணி உரிச்சிருவாரு." கையை விரித்துப் பார்த்தார். "பத்து வயசுல புடிச்ச மம்பட்டி. நான் ஒங்க வீட்டுக்குன்னு நெனச்சிதான் வெட்டுனேன். கை தேயிலைக்கின்னு வெட்டியிருக்கு."

என் சுவரின் தலைக்கு மேலே வரிசையாக ஏழு குளம் வெட்டி, தண்ணீரை நிறுத்தி, ஆற அமர என் மகளின் அறைக்குள் ஊறவிட ஏற்பாடு செய்திருந்தார். மழைவரை பொறுத்திருந்தால் அவர் இந்தியாவில் இருந்திருப்பார், நாங்கள் ஈரத்தில் இருந்திருப்போம், காரணம் கடைசிவரை தெரிந்திருக்காது.

அன்று முழுக்கவும் மறுநாளும் அவர் அந்தக் கானை விட்டு ஏறவில்லை. குழிகளைக் கல் போட்டு இடித்து நிரப்பினார். களிமண், அதன்மேல் மெல்லிய சீமெந்துப் பூச்சு. அடி முழுக்க ஒரே சரிவு. வியாழன் மத்தியானம் அவருடைய மனைவி தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து சேர்ந்தார். ரோட்டில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏங்கண்ணே, இது ஒங்களுக்கே நல்லா இருக்கா? பயணம் சொல்ல ஊரே வந்து லயத்துல உக்காந்திருக்கு. எங்க பெரியம்மா அழுது அழுது மயக்கம் போட்டுருச்சி. பயணம் போற ஆளு கானுக்குள்ள நிக்கிறாரு."

நான் தலையைக் குனிந்தேன். கானுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பூச்சு இறுகுனதும் வந்துர்றேன் புள்ள. நீ அந்த ஈரச் சாக்க எடு."

அவர் மனைவி இன்னும் இரண்டு வார்த்தை திட்டினார். பிறகு சாக்கை எடுத்து நனைத்துப் பூச்சின் மேல் விரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதுளை ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். அழுகை சத்தத்தில் இஞ்சின் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர் அந்தப் பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா பிளாட்பாரத்தில். இந்தியா போகிறவர்கள் பட்டியலில் பெரியம்மாவின் பேர் இல்லை. என்னைப் பார்த்ததும் தன் மறு கையைக் கோச்சிப் பெட்டியின் பலகைச் சுவரில் வைத்தார்.

"இது ஒழுகும்ணே," என்றார். சிரிக்க முயன்றார். கோச்சி நகர்ந்தது. ஜன்னலை விட்டுத் தலையை நீட்டிக் கத்தினார். "எனக்கு மழ எழுதுங்க! மறந்துறாதீங்க!"

மழை ஐப்பசியில் வந்தது. பகல் பதினொரு மணி. நான் கந்தோரில் ஒரு காணி உறுதிப் பத்திரத்தை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்ததும் எழுந்துவிட்டேன். வழக்கறிஞர் ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன, எங்கேயாவது சாவா?"

"இல்லீங்க. செவுரு."

மூலையில் கடைசிப் பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் சாய்த்து வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு மண்சுவரில் புறங்கையை வைத்தேன். அன்று பகல் முழுக்கப் பெய்தது. மறுநாளும் பெய்தது. மூன்றாம் நாளும். சுவர் குளிர்ந்திருந்தது, ஆனால் நனையவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் குளிர்கூட இல்லை. நாலாம் நாள் தெமோதரைக்குச் சொல்லி அனுப்பினேன். மாமியார் கொட்டுகிற மழையில் வந்து, பலகையைத் தட்டி, இடுக்கில் கையை விட்டுத் துழாவி, கையை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். காய்ந்த கை.

"நீங்களா செஞ்சீங்க?"

"இல்ல அத்தே."

"அதான் பாத்தேன்," என்று சொல்லிவிட்டு, வெளியே பஸ் தரிப்பில் பிள்ளையோடு நின்ற என் மனைவியைக் கூட்டிவரப் போனார். உள்ளே வந்த என் மனைவி பிள்ளையைப் பாயில் கிடத்தி, அதன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, அந்த மழை முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை. பிள்ளை தூங்கியது. சத்தமில்லாமல்.

அவர் கடுதாசியில் இருந்த திருச்சி முகவரிக்கு அன்றே எழுதினேன். நாலு நாள் மழை, ஒரு சொட்டும் இல்லை, பிள்ளை வந்துவிட்டது. இரண்டு விரலுக்கும் அன்று களைப்பே தெரியவில்லை.

பதில் வர மூன்று மாதம் ஆனது. யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார். சந்தோஷம் என்று ஆரம்பித்தது. கல் உடைக்கிற வேலை கிடைத்திருக்கிறது, பிள்ளைகளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அடியில் இப்படி இருந்தது: "இங்க வந்ததுல இருந்து மழை பெய்யல அண்ணே. நான் செவுரு வேல பாக்கிற ஆளுன்னு சொன்னா சிரிக்கிறாங்க. செவுத்துல கைய வச்சா சுடுது. இங்க என் வேலைக்கி வேல இல்ல."

என் மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு மடித்துப் பெட்டிப் பலகையின் சட்டத்தில் செருகினாள். மூன்றாம் நாள் நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். நீங்கள் போட்ட கான் நன்றாக இருக்கிறது, ஆனால் போன கிழமை மழையில் ஜன்னல் பக்க மூலையில் கொஞ்சம் ஈரம் காண்கிறது, என்ன செய்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை, ஹாஜியாருக்கும் விளங்கவில்லை, தயவுசெய்து விவரமாக எழுதவும்.

மனைவி தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"ஏங்க, எங்க ஈரம் இருக்கு?"

"இல்ல."

"கொஞ்சம்னு எழுதாதீங்க. நல்லா எழுதுங்க," என்றாள். "கொஞ்சம்" என்பதை அடித்து நீக்கினேன்.

இந்த முறை பதிலுக்கு மூன்று மாதம் ஆகவில்லை. பதினைந்து நாளில் வந்தது. நாலு பக்கம். அவர் கைப்படவே எழுதியிருந்தார், எழுத்துக் கூட்டிக் கூட்டி. படம் வேறு போட்டிருந்தார். வீட்டின் வலது பக்கமாக ஒரு புதுக் கான், எத்தனை முழம், எவ்வளவு ஆழம், சரிவு எந்தப் பக்கம், கல் எங்கே போடுவது. "குழி போட்டுராதீங்க" என்று இரண்டு இடத்தில். வெயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தியாவைப் பற்றியும் இல்லை.

"செஞ்சிருவோம்," என்றாள் என் மனைவி.

"எத?"

"அவரு எழுதினத. செய்யாம செஞ்சோம்னு எழுதினா அது பாவம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு சொட்டும் ஒழுகாத வீட்டுக்கு, கடிதத்தை ஒரு கல்லின் கீழே விரித்து வைத்துக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் கான் வெட்ட ஆரம்பித்தோம். ஒரு மணி நேரத்தில் என் இரண்டு விரலும் கொப்புளித்தன. அந்த நேரம் பார்த்து மாமியார் பேத்தியைப் பார்க்க வந்து சேர்ந்தார்.

"என்ன மாப்பிள இது?"

"கான் அத்தே. ஒழுகுது."

"ஒழுகுதா?" அவர் முகம் மாறியது. "எங்க?"

"இந்தியாவுல அத்தே."

அவர் கல்லுக்குக் கீழே இருந்த கடிதத்தைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தார். அதில் குட்டியாக ஒரு வீடும், வீட்டைச் சுற்றி ஒரு கோடும், கோட்டின் நுனியில் தண்ணீர் போகிற பக்கத்துக்கு ஒரு அம்புக்குறியும் இருந்தன. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

"குடுங்க அந்த மம்பட்டிய," என்றார். "சரிவு பத்தாது."